கேம் பற்றி என்னிடம் கேட்கிறவர்களுக்கு: ஒரு டெல்டாக்காரனின் பதில்கள்

பாபநாசம் பக்கம் எங்கள் ஊரில் கேம் என்று பேச்சு வந்தால் என்னைக் கைகாட்டிவிடுவார்கள். புது லேப்டாப் வாங்கிய தம்பி, பையன் போனைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறான் என்று புலம்பும் அத்தை, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவர் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. பதில்கள் முழுக்க என் சொந்த அபிப்பிராயம். ஒத்துப்போகாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

எதில் விளையாடுகிறீர்கள்?

நடுத்தரமான ஒரு லேப்டாப். ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், ஒரு கன்ட்ரோலர். அரிசி ஆலையில் கணக்கு எழுதும் வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. அறுவடை சீசனில் அதுவும் கிடையாது. அதனால் புது கேம் வந்த அன்றே வாங்குகிற ஆள் நான் இல்லை.

ஒரு கேம் நல்ல கேம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

அதில் என் கை செய்கிற வேலை என்ன, அந்த வேலைக்குள் எவ்வளவு ஆழம் போகலாம் என்று பார்ப்பேன். அவ்வளவுதான் என் அளவுகோல்.

டெட்ரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜிட்னோவ் எழுதியது. ஏழே வடிவம், ஒவ்வொன்றிலும் நாலு கட்டம். இன்னும் அது எனக்கு அலுத்தபாடில்லை. 2007-ல் வந்த போர்ட்டல் இன்னொரு உதாரணம். கையில் ஒரு துப்பாக்கி. அதனால் ஒரு சுவரில் ஒரு துளை, வேறொரு சுவரில் இன்னொரு துளை போடலாம். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வருவீர்கள். கேம் முழுக்க இது ஒன்றுதான். மூணு நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் முடித்தபிறகு வீட்டுச் சுவரையே வேறு மாதிரிப் பார்ப்பீர்கள். வரைபடம் இத்தனை சதுர கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்து விற்கிற கேமைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

விவசாய கேம் எல்லாரும் ஆடுகிறார்களே, ஸ்டார்டியூ வேலி நிஜமாகவே அவ்வளவு நல்லதா?

நல்லது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருடத்துக்கும் மேல் உட்கார்ந்து படம், இசை, கதை, நிரல் எல்லாம் தானே செய்து 2016-ல் வெளியிட்டார். ஒரு பருவம் 28 நாள், பருவம் மாறினால் அந்தப் பருவத்துப் பயிர் பெரும்பாலும் செத்துப்போகும். இந்த ஒரு விதி போதும், கேம் ஓடிவிடுகிறது. பருவம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது பத்து நாள் பயிரை விதைக்கலாமா என்று கணக்குப் போடும் ஆள், எங்கள் ஊரில் தாளடி (இரண்டாம் போக நெல்) போடலாமா வேண்டாமா என்று டீக்கடையில் உட்கார்ந்து யோசிக்கிற ஆள்தான்.

முதலில் இதில் நெல் கிடையாது. பிற்பாடு 2019-ல் வந்த ஒரு அப்டேட்டில் சேர்த்தார்கள். தண்ணீர்க் கரையை ஒட்டி மூன்று கட்டத்துக்குள் நாற்றை நட்டால் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சீக்கிரமும் விளையும். சின்ன விஷயம்தான், ஆனால் செய்தவர் நெல்லைப் பற்றி யோசித்திருக்கிறார் என்று தெரிகிறது. எனக்கு இதில் ஒரே குறை, விளைந்ததைப் பெட்டியில் போட்டால் மறுநாள் காலையில் காசு வந்துவிடுகிறது. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவைத்து, மழை வருமா, ஈரப்பதம் எவ்வளவு காட்டும் என்று காவல் கிடந்தவர்களுக்கு இது மாயாஜாலக் கதை.

அண்ணே, நெல் சாகுபடியை ஒழுங்காகக் காட்டுகிற கேம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ரூயின். ஜப்பானில் எடெல்வைஸ் என்ற சின்னக் குழு செய்தது, 2020 நவம்பரில் வந்தது. என்னைக் கேட்டால் டெல்டாவில் கேம் ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு முறையாவது ஆட வேண்டும்.

கதை இது: அறுவடைக்கு அதிபதியான ஒரு குட்டித் தெய்வம், சொகுசாக வளர்ந்தது, செய்த தப்புக்காக அரக்கர்கள் இருக்கும் தீவுக்கு அனுப்பப்படுகிறது. கூடவே சில மனிதர்கள். அங்கே பகலில் அரக்கர்களோடு சண்டை, நடுநடுவே வயல். சண்டையில் அனுபவம் சேர்ந்து பலம் ஏறும் என்று நினைத்தால், இல்லை. ஒவ்வொரு வருட அறுவடையைப் பொறுத்துத்தான் சகுனாவின் பலம் கூடுகிறது. விளைச்சல் மோசமென்றால் வருடம் முழுக்க அடிவாங்க வேண்டும்.

வயல் வேலையைத்தான் நான் அதிகம் பேச வேண்டும். உழுது, கல் பொறுக்கி, விதையை உப்புத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதைத் தள்ளிவிட்டு, நாற்று விட்டு, பின்னால் நகர்ந்தபடியே ஒவ்வொன்றாக நட வேண்டும். நெருக்கி நட்டால் ஒரு விளைவு, தள்ளி நட்டால் இன்னொன்று. தண்ணீர் மட்டத்தை மடை திறந்து மூடி நாம்தான் வைக்க வேண்டும். எப்போது பயிர் முங்க நிற்கணும், எப்போது காயப்போடணும் என்பது பயிரின் வயதைப் பொறுத்தது. களை எடுக்கணும், வேண்டுமானால் வாத்து விட்டுக்கொள்ளலாம். எரு நாமே கூட்டிச் செய்வது. கூட இருக்கிற மனிதர்களின் கழிவும் அதில் சேரும், அதைக் கேம் கூச்சப்படாமல் சொல்கிறது. அறுத்து, கழியில் தொங்கவிட்டுக் காயவைத்து, கதிர் அடித்து, உரலில் குத்த வேண்டும். எவ்வளவு தீட்டுவது என்பது வரை நம் முடிவு.

இதெல்லாம் புரியாமல் ஜப்பானில் பலர் அந்த நாட்டு வேளாண்மை அமைச்சகத்தின் இணையதளத்தைப் பார்த்து கேம் ஆடினார்கள் என்பது அப்போது பெரிய பேச்சாக இருந்தது. நான் அப்பாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவர் பார்த்தவுடன் சொன்னது, "தண்ணி அதிகமா நிக்குது, தூர் கட்டாது." கேமிலும் அதுவேதான் நடந்தது. இதைவிட ஒரு கேமுக்கு என்ன சான்றிதழ் வேண்டும்?

குறையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் நடவு சலிப்புத் தட்டும். குனிந்து நடுகிற வேலையைக் கன்ட்ரோலரில் செய்தாலும் அலுப்பு அலுப்புதான். அது வேண்டுமென்றே வைத்தது என்று நினைக்கிறேன், ஏனென்றால் போகப் போக சகுனாவின் கை வேகமாகிறது. மூன்றாம் வருடம் நட்டுக்கொண்டு போகும்போது வருகிற சந்தோஷம் அந்த அலுப்பு இல்லாமல் வந்திருக்காது. சண்டைப் பகுதி பரவாயில்லை ரகம்.

ஃபார்மிங் சிமுலேட்டர்?

சுவிட்சர்லாந்தின் ஜயண்ட்ஸ் சாஃப்ட்வேர் 2008-ல் ஆரம்பித்த வரிசை. இது மண்ணைப் பற்றிய கேம் என்று நினைத்து வாங்காதீர்கள், வண்டிகளைப் பற்றிய கேம். டிராக்டர் ஷோரூம் வாசலில் நின்று பார்க்கிற ஆளுக்கு இது சொர்க்கம். 2024-ல் வந்த ஃபார்மிங் சிமுலேட்டர் 25-ல் நெல் வந்தது, தண்ணீர் கட்டும் வயல் வந்தது, நாற்று நடும் இயந்திரம் வந்தது, எருமை கூட வந்தது. ஆசையோடு போட்டுப் பார்த்தேன். வயலில் தண்ணீர் விடுவது பொத்தான் வேலையாக இருக்கிறது, சகுனாவில் இருந்த கவலை இதில் இல்லை. ஆனால் ராத்திரி மனசு ஓடாத நேரத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டே உழுவதற்கு இதை மிஞ்ச ஆளில்லை.

தண்ணீரை வைத்து ஆடும் கேம் ஒன்று பற்றி அடிக்கடிச் சொல்வீர்களே, அது எது?

டிம்பர்பார்ன். போலந்தின் மெக்கானிஸ்ட்ரி குழு 2021-ல் முழுமையடையாத நிலையிலேயே விற்பனைக்கு விட்டு, ஆடுகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வளர்த்தது. மனிதர்கள் இல்லாமல் போன உலகம். மரத்தைக் கடித்து அணை கட்டும் பீவர் என்ற விலங்குகள் ஊர் கட்டுகின்றன.

நதியில் கொஞ்ச நாள் தண்ணீர் வரும், அப்புறம் வறட்சி. வறட்சி வந்தால் ஊற்றே நின்றுவிடும். கரையோரப் பச்சை கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பாகும், பயிர் காயும், பீவர்கள் தாகத்தில் சாகும். முதல் வறட்சி சின்னது, போகப் போக நீளும். தண்ணீர் வரும் நாட்களிலேயே அணை கட்டி, கரை உயர்த்தி, மதகு வைத்துத் தேக்கிக்கொள்ள வேண்டும். அணையை அளவுக்கு மேல் அடைத்தால் தண்ணீர் பின்னால் ஏறி நம் ஊரையே முழுகடிக்கும். மதகை எந்த அளவு திறக்கிறோமோ அந்த அளவு ஓடுகிறது, பள்ளத்தைத் தேடிப் போகிறது. பிற்பாடு நச்சுத் தண்ணீர் வரும் பருவத்தையும் சேர்த்தார்கள். அதை வயல் பக்கம் விடாமல் வேறு வாய்க்காலில் திருப்பிவிட வேண்டும்.

ஜூன் 12 வந்தால் மேட்டூர் திறப்பார்களா, அணையில் எத்தனை அடி இருக்கிறது என்று செய்தி பார்த்தே வளர்ந்தவனுக்கு இந்த கேமில் பாடம் நடத்தத் தேவையில்லை. முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டிஎம்சி என்பதெல்லாம் எங்கள் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். முதல் ஆட்டத்திலேயே நான் ஊரைக் கட்டுவதற்கு முன்னால் மேலே ஒரு தேக்கம் கட்டினேன். சென்னை நண்பன் முதலில் வீடு கட்டினான்.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்த கேம் எனக்கு ரொம்பச் சுலபம். நதி முழுக்க என்னுடையது. மேலே அணை கட்டுகிறவனும் நான், கடைமடையில் நிற்கிறவனும் நான். மேலே ஒரு அரசு, கீழே ஒரு அரசு, நடுவில் ஆணையம், நீதிமன்றம் எதுவும் கிடையாது. 2018-ல் உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று சொன்ன பிறகும் ஒவ்வொரு கோடையும் பேச்சுவார்த்தை நடக்கிறது. ஒரே நதியில் இரண்டு பேர் ஆடும்படி யாராவது இதைச் செய்தால், அன்றைக்கு நான் வெளியான நாளிலேயே வாங்குவேன்.

(இதே ருசியில் கொஞ்சம்: 2015-ல் வந்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில் குடிதண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறம் சாக்கடையைத் திறந்துவிட்டால் ஊரே நோயில் படுக்கும். அதைத் தெரிந்துகொண்டே ஒரு தடவை செய்து பாருங்கள், சிரிப்பாகவும் இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.)

சோழர்கள் வருகிற கேம் எது?

இரண்டைச் சொல்லலாம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆரம்பத்தில் 1999-ல் வந்த பழைய கேம். 2022-ல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா தொகுப்பில் திராவிடர்கள் என்று ஒரு அணியும், ராஜேந்திரனை வைத்து ஒரு கதைத் தொடரும் சேர்த்தார்கள். சுருள்வாள் வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல், உருக்கு எஃகு எல்லாம் உண்டு. கடலிலும் காலாட்படையிலும் பலம், குதிரைப்படையில் பலவீனம். 1025-ல் ஸ்ரீவிஜயத்துக்குக் கப்பல் படை அனுப்பியவர்களை இப்படி வடிவமைத்தது நியாயம்தான். சோழர், பாண்டியர், சேரர், அப்புறம் வந்தவர்கள் எல்லாரையும் ஒரே அணிக்குள் திணித்தது எனக்கு ஒப்பவில்லை.

2025 பிப்ரவரியில் வந்த சிவிலைசேஷன் 7-ல் சோழர் தனி நாகரிகமாகவே வருகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டலாம். பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிற கோபுரம் திரையில் எழும்பும்போது ஒரு நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் வெளியானபோது இந்த கேமில் இருந்த ஒரு விதி: காலகட்டம் மாறினால் நாகரிகமும் மாறியாக வேண்டும். கப்பல் வணிகம் கொழிக்கும் நேரத்தில் வந்து, சோழனாக இருந்தது போதும், வேறு ஆளாக மாறு என்றால் எப்படி இருக்கும்? கல்லணையையும் கட்டவிட்டால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

வெண்பா ஆடினீர்களா?

ஆடினேன். கனடாவின் விசாய் கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. 1980-களில் டொராண்டோவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா, பாவலன், மகன் கவின். அம்மாவின் கிழிந்துபோன சமையல் நோட்டில் விட்டுப்போன வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-ல் அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது.

சமையல் புதிர்கள் எனக்குக் கடினமாக இல்லை, இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று நம் வீட்டில் யாருக்குத் தெரியாது? ஆனால் நான் உட்கார்ந்தது கதைக்காக. பையன் தமிழில் பேசத் தயங்கும் இடங்களில் வசன எழுத்தே மங்கிப்போகிறது, இதைப் படத்தில் செய்ய முடியாது, கேமில்தான் முடியும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடு எங்கள் தெருவிலேயே எத்தனையோ. அந்த அம்மாக்களில் ஒருவரிடம் ஆடச் சொல்லிக் கொடுத்தேன். பிரியாணியில் தண்ணீர் அளவு தப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சி போடச் சொன்னார்.

பப்ஜி, பிஜிஎம்ஐ பற்றி உங்கள் கருத்து?

வடிவமைப்பு அருமை. நூறு பேரை ஒரு தீவில் இறக்கிவிட்டு வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வருவது, இதுதான் அதன் உயிர். எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் எரங்கல் வரைபடம் கடைசியில் ஒரு வயல் அளவுக்கு வந்து நிற்கிறது. பெரிய வரைபடத்தைப் பற்றி மேலே குறை சொன்னேன், இது அதற்கு விதிவிலக்கு. இங்கே பரப்பளவு சுருங்குவதற்காகவே இருக்கிறது.

2020 செப்டம்பரில் தடை, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று மறுபிறவி, 2022 ஜூலையில் மறுபடி முடக்கம், 2023-ல் திரும்ப வருகை. இத்தனைக்கும் மதகுக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்து ஆடுகிற பையன்கள் இடம் மாறவே இல்லை. எனக்குப் பிடிக்காதது துப்பாக்கிக்குச் சட்டை போடுகிற வியாபாரம். ஸ்கின்னுக்குக் காசு போட்டால் குறி ஒன்றும் துல்லியமாகாது தம்பி.

பெரிய ஓப்பன் வேர்ல்டு (பரந்த உலகத்தில் இஷ்டத்துக்குத் திரிகிற) கேம்களே பிடிக்காதா?

எல்லாமே இல்லை. 2018-ன் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பிடிக்கும். லேப்டாப்பில் 150 ஜிபி வரை இடம் கேட்கும், கதையும் ஆமை வேகம், ஆனால் அந்த மெதுவில் ஒரு வாழ்க்கை இருக்கிறது. கோஸ்ட் ஆஃப் சுஷிமா பிடிக்கும். மூலையில் வரைபடம் வைக்காமல், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் போ என்று விட்டுவிட்டார்கள். அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலா, மன்னிக்கணும், மென்றுகொண்டே இருக்கலாம், முழுங்க முடியாது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

எல்டன் ரிங் மாதிரி கஷ்டமான கேம் எதற்கு? செத்துச் செத்து விளையாடுவதில் என்ன சுகம்?

நியாயமான கேள்வி. ஃப்ரம்சாஃப்ட்வேர் செய்கிற கேம்களில் எனக்கு 2019-ல் வந்த செகிரோதான் முதலிடம். ஒரே வாள், எதிரியின் வெட்டைச் சரியான நொடியில் தட்டிவிட வேண்டும். வேறு ஆயுதம் தேடி ஓடவோ லெவல் ஏற்றி வந்து ஜெயிக்கவோ வழி கிடையாது. எல்டன் ரிங் அதைவிடத் தாராளம், முடியாத பாஸை (பெரிய எதிரியை) விட்டுவிட்டு வேறு திசையில் போய் வரலாம். பொறுமை குறைந்தவர்கள் அதில் ஆரம்பிக்கலாம். வேலையில் எரிச்சலாக வந்த ராத்திரியில் மட்டும் இரண்டையும் தொடாதீர்கள்.

கிரிக்கெட் கேம்?

2006 கடைசியில் வந்த கிரிக்கெட் 07. இன்றைக்கும் ரசிகர்கள் புது அணி, புது ஜெர்சி என்று ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக வந்தவற்றில் படம் அழகு, பேட்டில் பந்து படுகிற உணர்வு கம்மி.

பிரவுசிங் சென்டர் காலத்து கேம்களில் இன்றும் தேறுவது எது?

வைஸ் சிட்டி தேறும், இசைக்காகவும் வண்டிக்காகவும். சீட் கோடு போட்டு டாங்கி வரவழைத்ததைத் தவிரப் பலருக்கு அதன் கதையே தெரியாது. ஐஜிஐ 2000-ல் வந்தது; நடுவில் சேவ் செய்ய முடியாது, ஒரு மிஷனின் கடைசியில் செத்தால் முதலிலிருந்து. மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடிய நாங்கள் அதைத் தாங்கினோம், இப்போது முடியாது. கவுன்டர் ஸ்ட்ரைக்கின் டஸ்ட் 2 என்ற களம் மட்டும் கிழடாகவே இல்லை. அப்புறம் திருவிழாக் கடையில் விற்ற பிரிக் கேம், பேட்டரி போட்டால் இன்றும் ஓடும்.

ஆன்லைன் ரம்மி?

அது கேம் இல்லை. காசு கட்டி ஆடுவதை 2025-ல் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

தம்பி, எங்க வீட்டுப் பையன் எப்பவும் போன்லயே கிடக்கிறான். என்ன செய்யறது?

அத்தை, முதலில் அவன் என்ன ஆடுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆட்டத்தின் நடுவில் போனைப் பிடுங்காதீர்கள். குழுவாக ஆடும் கேமில் பாதியில் போனால் கூட ஆடும் பையன்களும் தோற்பார்கள், அந்தக் கோபம்தான் வீட்டில் கத்தலாக வருகிறது. "இந்த ஆட்டம் முடிந்ததும் எழுந்திரு" என்று சொன்னால் பெரும்பாலும் எழுவான். போனில் உங்கள் வங்கி அட்டை, யுபிஐ எதுவும் திறந்து கிடக்கக்கூடாது. முடிவே இல்லாத கேமுக்குப் பதிலாக முடிவு உள்ள ஒன்றை வாங்கிக் கொடுங்கள். கதை முடிந்தால் அவனே மூடிவைப்பான்.

லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. எதில் தொடங்குவது?

போர்ட்டல், பிறகு ஸ்டார்டியூ வேலி. இரண்டும் சாதாரண லேப்டாப்பில் ஓடும், தள்ளுபடி நேரத்தில் விலையும் குறைவு. திருட்டு நகல் தேடி அலையாதீர்கள், அதோடு சேர்ந்து வருகிற வைரஸை எடுக்கச் சொல்லி என்னிடம்தான் வருவீர்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். லேப்டாப் திணறுகிறதா, கேம் பிடிக்கிறதா என்று பார்க்க அந்த நேரம் போதும்.